பேசி முடித்துவிட்டு வேலைக்குப் போங்கள்

(நமது அறக்கட்டளை நடத்திய வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை. பெற்றோர் பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



மேடையில் இருக்கும் ஜமாஅத் பெரியவர்களே, அறக்கட்டளை நிர்வாகிகளே, தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, மடியில் சர்டிபிகேட் பையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

"இன்டர்வியூவில் எப்படிப் பதில் சொல்வது" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அதை அழகாகச் சொல்லிவிட்டார். எனவே நான் பதிலைப் பற்றிப் பேசப் போவதில்லை. கேள்வியைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி அல்ல. நாம் அவர்களிடம் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி.

இதைப் பேச எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. நான் அந்த மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன். 1998இல் வேலை தேடிப் போனவனாக ஒரு பக்கம். 21 வருடம் அமீரகத்தில் இருந்து, கடைசி ஆறு வருடம் கம்பெனிக்கு ஆள் எடுக்கச் சென்னைக்கு வந்த குழுவில் ஒருவனாக மறுபக்கம்.

முதலில் என் கதை. எழும்பூரில் ஒரு லாட்ஜ். காலை ஆறு மணிக்கே மாடிப்படி முழுக்க ஆட்கள். மதியம் இரண்டு மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பெயர் என்ன, எத்தனை வருடமாக எலக்ட்ரிகல் வேலை, இந்த ஒயர் எத்தனை எம்.எம். என்று மூன்று கேள்வி. நான்கு நிமிடம் இருக்கும். "ஓகே, செலக்டட்" என்றார்கள். "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்தேன். எங்கே மனம் மாறிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, "உம்மா, பாஸாயிட்டேன்" என்றேன். உம்மா அழுதார்கள். மறுநாள் அவர்களுடைய வளையல் அடகுக்கடைக்குப் போயிற்று.

சம்பளம் ஆயிரம் திர்ஹம் என்று ஏஜென்ட் சொன்னார். நானும் அதையே ஊர் முழுக்கச் சொன்னேன். அங்கே போய் இறங்கி மூன்றாம் நாள் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் பார்த்தேன். பேஸிக் 600. சாப்பாட்டுப் படி 150. மீதி 250? "அது ஓவர்டைம் செய்தால் வரும்" என்றார்கள். ஓவர்டைம் இல்லாத மாதம் 750தான்.

பேஸிக்குக்கும் மொத்தச் சம்பளத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று எனக்குத் தெரியாது. தாய்மார்களும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது தரும் கிராஜுவிட்டியை பேஸிக்கை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் பேஸிக். அதற்குப் பிறகு வருடத்துக்கு 30 நாள் பேஸிக். 600 பேஸிக் என்றால் முதல் ஐந்து வருடத்துக்கு 2,100 திர்ஹம். அதே ஆயிரமும் பேஸிக்காக இருந்திருந்தால் 3,500. ஓவர்டைமும் பேஸிக்கை வைத்துத்தான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு, பேஸிக் கணக்கில் வரும் மணிக்கூலியோடு 25 சதவீதம் கூடுதல். இரவு பத்து மணியிலிருந்து காலை நாலு மணி வரை என்றால் 50 சதவீதம். ஆக, பேஸிக் குறைந்தால் எல்லாமே குறையும். "சார், பேஸிக் எவ்வளவு?" என்ற ஒரு கேள்வி. அந்த நான்கு நிமிடத்தில் நான் அதைக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? பயம். கேட்டால் "இவன் வம்பு பிடித்தவன்" என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். வெளியே இன்னும் முந்நூறு பேர் நிற்கிறார்களே என்ற பயம். இந்தப் பயம் இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிறது. அது பொய்ப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கும் ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நான் ஆள் எடுக்க வந்த ஒரு வருடம். மேசையில் மூன்று பேர். நடுவில் மேனேஜர், நான் ஓரத்தில். ஏசி டெக்னீஷியன் வேலைக்கு ஒரு தம்பி வந்தார். இருபத்தாறு வயது இருக்கும். டிரேட் டெஸ்ட்டில் அன்றைக்கு அவரைவிட நன்றாகச் செய்தவர் யாருமில்லை. மேனேஜர் "ஓகே" என்றதும் அந்தத் தம்பி எழுந்திருக்கவில்லை. மரியாதையாகக் கேட்டார்: "சார், பேஸிக் எவ்வளவு? விசாவில் ஏசி டெக்னீஷியன் என்றே போடுவீர்களா?" மேனேஜர் சிரித்துக்கொண்டே, "எல்லாம் ஏஜென்ட் சொல்வார்" என்றார். அவர் வெளியே போனதும் பேப்பரில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இவன் வந்தால் கேம்பில் மற்றவர்களையும் கேட்க வைப்பான்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வேலையில்தான் என் குடும்பம் சாப்பிட்டது. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அன்று நாங்கள் எடுத்த ஏசி டெக்னீஷியன்களில் பலருக்கு ஹெல்பர் என்றுதான் விசா வந்தது. அந்தத் தம்பி கேட்ட கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்பது அவர்கள் அங்கே வந்து இறங்கியபோது எல்லோருக்கும் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அன்னைக்கு நீங்க மட்டும் என் முகத்தப் பாக்கல, காக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. இப்போது திருச்சியில் சொந்தமாக ஏசி சர்வீஸ் செய்கிறார். மாடி வீடு கட்டவில்லை. கடனும் இல்லை. அன்று நான் காத்த மௌனத்துக்கு நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. இன்று இந்த மேடைக்கு நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே பிள்ளைகளே, கேட்டால் சில சமயம் வேலை கிடைக்காமல் போகும். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் கேட்டதற்காக ஒருவரை ஒதுக்கும் இடம் எப்படிப்பட்ட இடம் என்று யோசித்துப் பாருங்கள். எல்லா மேனேஜரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு வந்த வேறொரு மேனேஜர், "கேள்வி கேட்கிறவன் ஓடிப்போக மாட்டான், தெரிந்துதான் வருகிறான்" என்று சொல்லித் தேர்ந்தெடுப்பார்.

நம் மார்க்கத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. சூரா அல்கஸஸில் மூஸா (அலைஹிஸ்ஸலாம்) அவர்கள் மத்யனுக்கு வந்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். எகிப்திலிருந்து உயிருக்குப் பயந்து வந்தவர்கள். ஊர் இல்லை, உறவு இல்லை, கையில் எதுவும் இல்லை. கிணற்றடியில் இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, நிழலில் ஒதுங்கி அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். பிறகு அந்தப் பெண்களின் தந்தை அழைத்தார். இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று மகள் சொன்னபோது இரண்டு தகுதிகளைச் சொன்னார்: வலிமை, நம்பகத்தன்மை. இன்றுவரை எந்த முதலாளியும் தேடுவது இந்த இரண்டைத்தான்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அந்தப் பெரியவர் தம் மகளை மணமுடித்துத் தர முன்வந்து, அதற்கு ஈடாக எட்டு வருட வேலை என்று காலத்தைச் சொன்னார். பத்தாக்கினால் அது உங்கள் விருப்பம், உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன் என்றார். மூஸா நபி அவர்கள், "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டுப் போகவில்லை. இந்த இரண்டு தவணைகளில் எதை நான் நிறைவேற்றினாலும் அதற்கு மேல் என்மீது நிர்ப்பந்தம் இருக்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லி, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். நன்றாக யோசியுங்கள். அவர்களைவிடத் தேவையுள்ள வேலை தேடுபவர் யார் இருக்க முடியும்? அந்த நிலையிலும் பேசி முடித்துவிட்டுத்தான் வேலையில் சேர்ந்தார்கள். ஃபிக்ஹு நூல்களில் இஜாரா பாடத்தில் ஆலிம்கள் இதைத்தான் விளக்குகிறார்கள்: வேலை எது, கூலி எவ்வளவு என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வலிமை, நம்பகத்தன்மை என்றேன். இதில் நம் பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு. ஏஜென்ட் சொன்னார் என்று பயோடேட்டாவில் இரண்டு வருடத்தை ஐந்தாக்கி எழுதுகிறோம். போலி அனுபவச் சான்றிதழ் வாங்குகிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு அது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஒருமுறை நான் ஒரு பையனிடம், "ஐந்து வருட அனுபவமா?" என்று கேட்டேன். "இல்ல சார், ரெண்டு வருஷம் நாலு மாசம். மிச்சம் அவங்க எழுதினது" என்றான். உடம்பெல்லாம் நடுங்கியது அவனுக்கு. ஒரு படி கீழே உள்ள வேலைக்கு அவனை எடுத்தோம். மூன்றாவது வருடம் அவன் சார்ஜ்ஹேண்ட். பொய்ச் சான்றிதழ் கொடுத்தவனுக்கு எதிர்க்கேள்வி கேட்க நாக்கு வராது. தன் பக்கம் சுத்தமாக இருப்பவனுக்குத்தான் "பேஸிக் எவ்வளவு" என்று கேட்கத் தைரியம் வரும்.

இது வெளிநாட்டுக் கதை மட்டுமல்ல. நம் ஊர்ப் பிள்ளை ஒருவர், பி.காம். முடித்தவர், இந்த வருடம் ஐந்து இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறார். அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன். முதல் இடத்தில் கணக்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. "இதப் போட்டுக்கிட்டுத்தான் தினமும் வருவீங்களா?" என்று தலைமுக்காட்டைக் காட்டிக் கேட்டார்கள். "கல்யாணம் எப்போ?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் வாப்பா, "இனி போக வேணாம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த வாப்பாவின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் உம்மா விடவில்லை. "ஒரு எடத்துல கேட்டா எல்லா எடத்துலயுமா கேப்பாங்க?" என்று சொல்லி மறுபடியும் அனுப்பினார்.

நான்காவது இடத்தில் அந்தப் பிள்ளை தானே முந்திக்கொண்டார். இன்டர்வியூ முடிந்து, "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றபோது, "சார், நான் ஹிஜாபோடுதான் வருவேன். மதியம் தொழ ஒரு பத்து நிமிஷம் வேணும், சாப்பாட்டு நேரத்திலயே எடுத்துக்கிறேன். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல நிறுத்துனா பஸ் கிடைக்காது. இதெல்லாம் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார். அங்கே வேலை கிடைக்கவில்லை. ஐந்தாவது இடத்திலும் அதையே கேட்டார். அந்த அலுவலகத்தின் பெண் அதிகாரி, "ஆடிட் மாசத்துல மட்டும் ஏழாகும், வண்டி ஏற்பாடு செய்றோம். மத்தபடி சரி" என்றார். அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஏழு மாதமாக அங்கே வேலை செய்கிறார். சேரும்போது எதையும் சொல்லாமல் சேர்ந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு நாளும் ஒளிந்து ஒளிந்து தொழும் நிலைமை அவருக்கு இல்லை.

இனி, கேள்வியே இல்லாத இன்டர்வியூ பற்றி ஒரு எச்சரிக்கை. போனில் கூப்பிடுவார்கள். டைப்பிங் வேகம் மட்டும் பார்ப்பார்கள். பத்தே நிமிடத்தில் செலக்டட். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட்டும் அவர்களே எடுத்துத் தருவார்கள். இப்படிப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி செய்யும் கூடாரங்களில் அடைக்கப்பட்டார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை. 2022இலிருந்து இந்திய வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. மாட்டியவர்களில் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளும் உண்டு. இன்டர்வியூ சுலபமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள்; பயப்படுங்கள். உங்கள் வேலைத்திறமையைப் பார்க்காமல் எடுப்பவனுக்கு உங்கள் வேலை தேவையில்லை.

சரி, என்ன கேட்பது? எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: பேஸிக் எவ்வளவு, படிகள் எவ்வளவு, தனித்தனியாகச் சொல்லுங்கள்.

இரண்டு: விசாவிலும் அக்ரிமென்ட்டிலும் என்ன வேலை என்று எழுதுவீர்கள்?

மூன்று: எத்தனை மணி நேரம் வேலை, ஓவர்டைம் எப்படிக் கணக்கிடுவீர்கள், வார விடுமுறை எந்த நாள்?

நான்கு: தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம் யார் செலவு?

ஐந்து: எத்தனை வருட ஒப்பந்தம், லீவு எப்போது, டிக்கெட் யார் தருவது?

ஆறு: இவை எல்லாவற்றையும் எழுதி, நான் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் தருவீர்களா?

இந்த ஆறாவது கேள்விதான் முக்கியம். அமீரகத்தில் இப்போது, தொழிலாளி அங்கே வருவதற்கு முன்பே வேலைக் கடிதத்தைப் படித்துக் கையெழுத்திட வேண்டும், பிறகு போடும் ஒப்பந்தம் அதற்கு ஒத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று அங்குள்ள சட்டமும் சொல்கிறது, சவூதிச் சட்டமும் சொல்கிறது. எங்கள் காலத்தில் கண்ணால் பார்க்காத காகிதம் இன்று உங்கள் கைக்கு வருகிறது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏஜென்ட்டிடமும் கேட்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். லைசென்ஸ் எண்ணை வாங்கி, அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். இங்கே ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்கிறார் என்றால் அது கட்டணம் அல்ல. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். "விசிட்டில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பவர் அந்தப் பாதுகாப்பிலிருந்துதான் உங்களை வெளியே எடுக்கிறார். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் மௌத்தானாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ பத்து லட்சம் ரூபாய். அல்லாஹ் காப்பாற்றுவானாக. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்றுதானே நாம் படித்திருக்கிறோம்? தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அங்கேயும் பதிவு செய்யுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இன்டர்வியூ முடிந்து போன் செய்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "பாஸா?" இரண்டாவது கேள்வி, "விசா எப்ப வரும்?" அந்த இரண்டு கேள்விதான் பிள்ளையின் வாயை அடைக்கிறது. என் உம்மா அன்று சந்தோஷத்தில் அழுதபோது, "பேஸிக் எவ்வளவு என்று கேட்கவில்லை உம்மா" என்று நான் எப்படிச் சொல்வேன்? வளையல் அடகுக்குப் போன பிறகு திரும்பி வருவது எப்படி? ஆகவே இனி பிள்ளை போன் செய்தால், "நீ என்னப்பா கேட்டே? அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். "சரியா இல்லன்னா வந்துடு, பாத்துக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்று தெரிந்த பிள்ளைதான் மேசை முன்னால் நிமிர்ந்து உட்காருவான்.

நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை வைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். இன்ஷா அல்லாஹ், இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் அறக்கட்டளை அலுவலகத்தில் இருப்பேன். வேலைக் கடிதம், அக்ரிமென்ட் எது வந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம். கட்டணம் எதுவும் இல்லை. எந்தச் சமுதாயத்துப் பிள்ளையாக இருந்தாலும் வரலாம். அன்று அந்தத் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் குனிந்த தலைக்கு என்னால் முடிந்த பரிகாரம் இதுதான்.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். மேனேஜரும் அல்ல, ஏஜென்ட்டும் அல்ல. அந்த நம்பிக்கை உள்ளத்தில் இருந்தால் மரியாதையாகக் கேட்கலாம், தெளிவாகக் கேட்கலாம், சரியில்லை என்றால் எழுந்தும் வரலாம். நம் பிள்ளைகள் எல்லோருக்கும் ஹலாலான, கண்ணியமான வேலையை அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.